மலைவீட்டுக் கழிவறையில் அடிக்கடி வரும் அடைப்பு: காரணத்தைக் கண்டறிந்து தீர்ப்பதற்கான முழுமையான வழிகாட்டி

நீலகிரியில் குடியிருக்கும் பலருக்கு இது பழகிப்போன தொல்லை. கழிவறை அடைத்துக்கொள்ளும், ஆள் வந்து குத்திவிட்டுப் போவார், சில வாரங்கள் ஒழுங்காகப் போகும், பிறகு மறுபடியும் கோப்பையில் தண்ணீர் ஏறி நிற்கும். எப்போதோ ஒருமுறை வரும் அடைப்புக்கு யாரோ உள்ளே போட்ட பொருள் காரணமாக இருக்கலாம். அடிக்கடி வரும் அடைப்புக்கோ காரணம் பெரும்பாலும் கோப்பைக்கு அப்பால், மண்ணுக்குள் போகும் குழாயிலோ, சேம்பரிலோ, செப்டிக் டேங்கிலோ, அதற்கும் கீழே டேங்கின் நீர் மண்ணில் ஊறுவதற்காகத் தோண்டிய உறிஞ்சு குழியிலோ இருக்கிறது. சரிவில் கட்டிய வீடு, ஆண்டு முழுவதும் நீடிக்கும் குளிர், விடாத மழை, கோடையில் தண்ணீர்த் தட்டுப்பாடு என்று மலைக்கே உரிய சில காரணங்கள் இதில் சேர்ந்துகொள்வதால், சமவெளியில் எடுபடும் வைத்தியம் இங்கே பாதிதான் எடுபடுகிறது.

அடைப்பு எந்த இடத்தில் நிற்கிறது என்று தெரியாமல் குத்துவதற்குக் கொடுக்கும் கூலி வீண் என்பது என் உறுதியான கருத்து. எனவே இடத்தைக் கண்டுபிடிப்பது முதல் வேலை, அடைப்பை எடுப்பது அடுத்த வேலை, அது திரும்பி வராமல் செய்வது மூன்றாவது வேலை என்ற வரிசையிலேயே இங்கே விளக்குகிறேன்.

தொடங்கும் முன்: எதையும் ஊற்றாதீர்கள்

அடைத்தவுடன் ஆசிட்டைத் தேடுவதே பலருடைய வழக்கம். கழிவறை கழுவும் திரவங்கள் பலவற்றில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் இருக்கிறது. அதை ஊற்றிய கோப்பையில் பிளீச்சிங் பவுடரோ துணி வெளுக்கும் திரவமோ சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். உதகை, குன்னூர் வீடுகளில் குளிருக்குப் பயந்து குளியலறை ஜன்னலை மூடியே வைத்திருப்பதால், அந்த வாயு வெளியேற வழியின்றி நுரையீரலைத் தாக்கும் அபாயம் இங்கே கூடுதல். காஸ்டிக் சோடா தண்ணீரில் கரையும்போது கடுமையாகச் சூடேறும். தண்ணீர் நகராத குழாயில் அது கட்டியாக இறுகிப் புதிய அடைப்பாக மாறுவதும் உண்டு. ஏற்கெனவே ஏதாவது ஊற்றியிருந்தால், வேலைக்கு வருபவரிடம் அதை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். குத்தும்போது தெறிப்பது அவருடைய கண்ணில்தான் படும்.

கொதிக்கும் தண்ணீரும் கூடாது. மார்கழி, தை மாதங்களில் உறைபனி விழும் காலை நேரத்தில் பீங்கான் சில்லிட்டுக் கிடக்கும். அதில் பாய்லரிலிருந்து எடுத்த கொதிநீரை அப்படியே கொட்டினால் கோப்பையில் விரிசல் விட்டுவிடும். கை பொறுக்கும் சூடு போதும்.

முதல் படி: அடைப்பு நிற்கும் இடத்தைக் கண்டறிதல்

கோப்பையில் தண்ணீர் நிறைந்து நிற்காதபோது செய்ய வேண்டிய சோதனை இது. ஒரு வாளியில் 8 முதல் 10 லிட்டர் தண்ணீர் எடுத்து, இடுப்பு உயரத்திலிருந்து ஒரே வீச்சில் கோப்பைக்குள் ஊற்றுங்கள். அது தடையின்றி இழுத்துக்கொண்டு போய், பிளஷ் செய்யும்போது மட்டும் தேங்கினால், குழாயில் குறையில்லை. பிளஷ் டேங்க் போதிய தண்ணீர் தரவில்லை என்று பொருள். டேங்கின் மூடியைத் திறந்து மிதவை எந்த உயரத்தில் நிற்கிறது, கோப்பை விளிம்புக்கு அடியில் உள்ள துளைகள் அழுக்கேறி அடைந்திருக்கின்றனவா என்று பாருங்கள். தண்ணீரை மிச்சப்படுத்த டேங்குக்குள் செங்கல்லோ பாட்டிலோ போட்டு வைத்திருந்தால் அதை எடுத்துவிடுங்கள்.

வாளித் தண்ணீரும் மெதுவாகவே இறங்கினால் அடுத்து சேம்பருக்குப் போக வேண்டும். வீட்டுக்கு வெளியே, கழிவறையிலிருந்து வரும் குழாய் முதலில் வந்து சேரும் சிறு தொட்டியைத்தான் சேம்பர் என்கிறோம். மூடியைத் திறக்கும்போது முகத்தை நேர் மேலே நீட்டாமல், காற்று உங்கள் முதுகுப் பக்கமிருந்து வீசுமாறு நின்றுகொண்டு, கடப்பாரை நுனியால் ஓர் ஓரத்தை மட்டும் நெம்பிச் சில நிமிடங்கள் அப்படியே விட்டுவிடுங்கள். பீடி, தீக்குச்சி எதுவும் அருகில் வேண்டாம்.

திறந்த சேம்பர் பல செய்திகளைச் சொல்லும். கோப்பை நிறைந்திருக்க, சேம்பர் காய்ந்து கிடந்தால் அடைப்பு இரண்டுக்கும் இடையில் இருக்கிறது. சேம்பரும் நிறைந்திருந்தால் அடைப்பு அதற்கும் கீழே இருக்கிறது. கோப்பையில் எவ்வளவு குத்தினாலும் பயனில்லை. இன்றைக்குத் தண்ணீர் ஒழுங்காக ஓடினாலும் சேம்பரின் உள்சுவரைக் கூர்ந்து பாருங்கள். அடியில் உள்ள அரைவட்ட வாய்க்கால் மட்டும் ஈரமாகவும் அதற்கு மேலே சிமெண்ட் பூச்சு வெளிறியும் இருந்தால் குழாய் நல்ல நிலையில் இருக்கிறது. சுவரில் ஒரு சாண் உயரத்தில் கறுத்த கோடும், அதன்மேல் வெண்ணிறப் பிசுக்கும், ஒட்டிக் காய்ந்த காகித நாரும் தெரிந்தால், தண்ணீர் அந்த உயரம்வரை ஏறி நின்று வடிந்திருக்கிறது என்பதற்கு அதுவே சாட்சி. அப்படிப்பட்ட வீட்டில் அடுத்த அடைப்பு எந்நேரமும் வரலாம்.

சேம்பர் நிறைந்திருந்தால் செப்டிக் டேங்கின் மூடியைத் திறந்து நீர்மட்டத்தைப் பார்க்க வேண்டும். இங்கும் அதே எச்சரிக்கை. தலையை உள்ளே நீட்டவே கூடாது. முறைப்படி கட்டிய டேங்கில் வெளியேறும் குழாயைவிட உள்ளே வரும் குழாய் சுமார் 5 செ.மீ. உயரத்தில் இருக்கும். டேங்கின் மட்டம் வெளியேறும் குழாயின் அடிவிளிம்போடு நின்று, சேம்பர் மட்டும் நிறைந்திருந்தால், அடைப்பு அவ்விரண்டுக்கும் இடையிலுள்ள குழாயிலோ, டேங்குக்குள் நுழையும் இடத்திலுள்ள டீ குழாயிலோ (T வடிவக் குழாய்) இருக்கிறது. டேங்கின் மட்டமே உயர்ந்து நுழைவாயை மூடியிருந்தால் வெளியேறும் வழியோ உறிஞ்சு குழியோ தண்ணீரை ஏற்கவில்லை.

இரண்டாம் படி: அடைப்பை எடுத்தல்

அடைப்பு கோப்பையின் டிராப்பில், அதாவது எப்போதும் தண்ணீர் நிற்கும் வளைவில் இருந்தால் ரப்பர் பம்பே போதும். வெஸ்டர்ன் கோப்பைக்கு, அடியில் மடிப்பு நீண்டிருக்கும் பம்பு வேண்டும். இந்தியன் கோப்பைக்கு, வாயை முழுவதும் மூடுமளவு அகலமான தட்டைப் பம்பு பொருந்தும். ரப்பர் முழுவதும் தண்ணீரில் மூழ்கியிருக்க வேண்டும். காற்று அகப்பட்டால் விசை குறைந்துவிடும். முதல் அழுத்தத்தை மெதுவாகக் கொடுத்து உள்ளிருக்கும் காற்றை வெளியேற்றிவிட்டு, அதன்பிறகு மேலும் கீழுமாக 15, 20 முறை தொடர்ந்து இயக்குங்கள். அழுத்துவதைவிட மேலே இழுப்பதில் கவனம் வையுங்கள். சிக்கிய பொருள் இன்னும் ஆழத்துக்குப் போகாமல் தளர்ந்து வருவது அந்த இழுப்பினால்தான்.

பம்புக்கு அசையாவிட்டால் அடுத்தது ஸ்பிரிங் கம்பி. கழிவறைக்கென்றே பிளாஸ்டிக் உறை போட்டு விற்கும் கம்பியை வாங்கினால் பீங்கானில் கீறல் விழாது. கைப்பிடியைச் சுழற்றிக்கொண்டே செலுத்தி, தடை தட்டுப்பட்டதும் தள்ளாமல் அங்கேயே சுழற்றி, கொக்கியில் மாட்டியதை வெளியே இழுக்க வேண்டும். வெளியே வருவது என்ன என்பதைப் பார்க்காமல் விடாதீர்கள். துணியா, நாப்கினா, முடியா, வேரா, எண்ணெய்க் கட்டியா, செம்மண்ணா என்பதை வைத்தே மூன்றாம் படியில் எங்கே தேடுவது என்று முடிவாகும்.

மூங்கில் பிளாச்சை வைத்துக் கோப்பை வழியாகக் குத்த அனுமதிக்காதீர்கள். அது டிராப்பின் வளைவில் இடித்து விரிசல் உண்டாக்கும். அந்த விரிசல் வழியாகத் தரைக்கடியில் கசியும் நீர் கண்ணுக்குத் தெரியாது. பிளாச்சு, கம்பி, அழுத்தமான தண்ணீர் ஹோஸ் ஆகியவற்றைச் சேம்பர் வழியாகச் செலுத்துவதே முறை. சேம்பர் காய்ந்திருந்தால் அங்கிருந்து மேல்நோக்கி, அதாவது கோப்பையின் திசையில் வேலை செய்யுங்கள். உடையும் அடைப்போடு தேங்கிய நீர் முழுவதும் ஒரே வேகத்தில் இறங்கும் என்பதால், குழாய் வாய்க்கு எதிரே நிற்காமல் பக்கவாட்டில் நில்லுங்கள். கையுறை, மூடிய காலணி, கண்ணாடி மூன்றும் கட்டாயம்.

மூன்றாம் படி: ஏன் திரும்பத் திரும்ப வருகிறது?

மலைவீடுகளில் முதலில் சந்தேகிக்க வேண்டியது குழாயின் வாட்டத்தை, அதாவது அது சாய்ந்து இறங்கும் அளவை. 110 மி.மீ. குழாய்க்கு 40 அடிக்கு 1 அடி முதல் 60 அடிக்கு 1 அடி வரை வாட்டம் கொடுப்பது நல்ல நடைமுறை. அதாவது 10 அடி நீளத்துக்கு 2 முதல் 3 அங்குலம் இறங்க வேண்டும். சரிவில் இருக்கும் வீட்டுக்கு வாட்டம் தானாகக் கிடைத்துவிடும் என்று நினைப்பது இயல்பு. உண்மையில் இரண்டு வகையான பிழைகள் இங்கே நடக்கின்றன. சரிவை வெட்டிச் சமப்படுத்தி, வெட்டிய மண்ணை முன்பக்கம் கொட்டி மேடாக்கித்தான் இங்கே மனை அமைக்கிறார்கள். வீடு வெட்டிய பக்கத்தில் உறுதியாக நிற்கிறது. கழிவுக் குழாயோ கொட்டிய மண்ணின் மீது போகிறது. இரண்டு மழைக்காலம் கடந்ததும் அந்த மண் இறங்கும். குழாய் நடுவில் தொட்டில் துணியைப் போலத் தொய்ந்துவிடும். தொய்வில் எப்போதும் நீர் தேங்கி, திடக்கழிவு படிந்து, எத்தனை முறை சுத்தம் செய்தாலும் அதே இடத்தில் மீண்டும் சேரும். கம்பி ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ ஒரே நீளத்தில் தடைபட்டால் தொய்வு இருப்பதாகவே கொள்ளலாம். கம்பியில் அந்த இடத்தில் துணி கட்டி அடையாளம் வைத்து, வெளியே தரையில் அதே நீளத்தை அளந்து, அங்கே தோண்டிப் பாருங்கள். கேமரா விட்டுப் பார்க்க ஆள் கிடைத்தால் தோண்டும் முன்பே உறுதி செய்துகொள்ளலாம்.

இரண்டாவது பிழை இதற்கு நேர்மாறானது. வீட்டுக்கும் டேங்குக்கும் இடையே பெரிய இறக்கம் இருக்கிறதென்று குழாயைச் செங்குத்தான சரிவிலேயே நீளமாகப் போட்டுவிடுகிறார்கள். தண்ணீர் முந்திக்கொண்டு ஓடிவிட, திடக்கழிவு பின்தங்கி மூட்டுகளிலும் வளைவுகளிலும் ஒட்டிக்கொள்கிறது. குறைந்த தண்ணீர் ஊற்றும் வீட்டில் இது அதிகம். சரியான வழி, தேயிலைத் தோட்டத்துப் படிகளைப் போலவே குழாயையும் படியாக இறக்குவது: சரியான வாட்டத்தில் கொஞ்ச தூரம், பிறகு சேம்பருக்குள் ஒரு செங்குத்து இறக்கம், மறுபடியும் சரியான வாட்டம். திசை மாறும் ஒவ்வோர் இடத்திலும் ஒரு சேம்பர் இருக்க வேண்டும். மண்ணுக்குள் 90 டிகிரி எல்போ போட்டுப் புதைத்திருந்தால், அதை எடுத்துவிட்டு இரண்டு 45 டிகிரி பெண்டுகளை மாற்றுங்கள். தொய்ந்த குழாயை மீண்டும் போடும்போது, தளர்ந்த மண்ணை முழுவதும் அகற்றி உறுதியான தரைவரை போய், அங்கிருந்து மணல் அல்லது மெல்லிய கான்கிரீட் படுகையின்மீது குழாயை உட்கார வைத்து, டியூப் லெவலில், அதாவது மட்டம் பார்க்கும் தண்ணீர்க் குழாயில், வாட்டம் பார்த்த பிறகே மூட வேண்டும். பொக்லைன் இயந்திரம் தேவைப்பட்டால், நீலகிரியில் அதற்கு மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி வேண்டும் என்பதை நினைவில் கொள்ளுங்கள். வீட்டுக் குழாய்க்குக் கையால் தோண்டுவதே போதுமானது, மண்ணுக்கும் நல்லது.

அடுத்த காரணம் குளிர். தேங்காய் எண்ணெய் சுமார் 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும் என்பது இங்கே ஒவ்வொரு வீட்டுக்கும் தெரியும். அடுப்படித் தண்ணீரைக் கழிவறைக் குழாயிலேயே இணைத்திருந்தால், பாத்திரம் கழுவிய எண்ணெய் மண்ணுக்குள் போனதும் உறைந்து குழாயின் உட்சுவரில் அடுக்கடுக்காகப் படியும். கம்பியில் வெள்ளையாகச் சோப்புக் கட்டி போல வந்தால் இதுதான் காரணம். அடுப்படிக் குழாயைப் பிரித்து, இடையில் எண்ணெய் தேங்கும் சிறு தொட்டி கட்டி, அதை மாதம் ஒருமுறை வழித்தெடுப்பதே தீர்வு. தேயிலைச் சக்கையைச் சிங்க்கில் கொட்டுவதும் இதோடு நிற்க வேண்டும். அது செடிக்குப் போகட்டும். தோட்டத்திலிருந்து வருபவர்கள் செம்மண் அப்பிய பூட்ஸைக் குளியலறையில் கழுவும் வீடுகளில், மண்ணே குழாயின் அடியில் கெட்டித்துப்போயிருப்பதையும் காணலாம். பூட்ஸைக் கழுவ வாசலில் இடம் ஒதுக்குங்கள்.

மழைக்காலத்தில் மட்டும் அடைக்கிறதா? அப்படியானால் மாடியிலிருந்தோ தகரக் கூரையிலிருந்தோ இறங்கும் மழைநீர்க் குழாய் எங்கே போய்ச் சேர்கிறது என்று முதலில் பாருங்கள். கூடலூர், தேவாலா பக்கம் தென்மேற்குப் பருவத்திலும், குன்னூர், கோத்தகிரி பக்கம் ஐப்பசி, கார்த்திகையிலும் கொட்டும் மழை செப்டிக் டேங்குக்குள் போனால், டேங்க் நிரம்பி, படிந்த கசடு கலங்கி, உறிஞ்சு குழிக்குப் போய் மண்ணின் துளைகளை அடைத்துவிடும். பிறகு மழை நின்றாலும் குழி தண்ணீரை ஏற்காது. மழைநீரை உடனே பிரித்து ஓடைக்குத் திருப்புங்கள். மேட்டுப் பக்கத்திலிருந்து வழிந்துவரும் நீர் குழிக்குள் இறங்காதபடி குழிக்கு மேலே ஒரு குறுக்கு வாய்க்கால் வெட்டுங்கள். தடுப்புச் சுவருக்குப் பின்னால் உள்ள மண்ணில் கழிவுநீர் ஊறிக்கொண்டே இருந்தால் சுவரே சாயும். 2009 நவம்பரில் குன்னூர், கோத்தகிரி வட்டாரத்தில் ஏற்பட்ட நிலச்சரிவுகளைப் பார்த்தவர்கள், நீர் ஊறிய சரிவு எவ்வளவு விரைவில் விடுபடும் என்பதை அறிவார்கள். நிரம்பி வழியும் உறிஞ்சு குழியைச் சிறு விஷயமாக விட்டுவிடலாகாது.

பிளஷ் செய்தபின் குளுக் குளுக்கென்று சத்தம் வந்து, டிராப்பில் நிற்க வேண்டிய நீர் உறிஞ்சப்பட்டு நாற்றமும் அடித்தால், கழிவுக் குழாயின் காற்று போக மேலே நிறுத்தியிருக்கும் ஏர் பைப்பைப் பாருங்கள். மூடுபனியும் சாரலும் உள்ளே வருகிறதென்று அதன் வாயைத் துணியாலோ தகரத்தாலோ அடைத்து வைப்பது இங்கே அடிக்கடி காணும் தவறு. குருவிக் கூடும் சருகும் அடைத்திருக்கலாம். வாயைத் திறந்து, கூரைக்கு மேலே உயர்த்தி, வலையுள்ள மூடி போட்டால் போதும்.

பழைய பங்களாக்களிலும் தோட்டத் தொழிலாளர்களின் லைன் வீடுகளிலும் சுட்ட களிமண் குழாய்கள் இன்னும் இருக்கின்றன. அவற்றின் மூட்டுகளில் ஈரம் கசியும் இடத்தை சைப்ரஸ், சில்வர் ஓக் போன்ற மரங்களின் வேர்கள் கண்டுபிடித்து நுழைந்துவிடும். கம்பியில் மெல்லிய வேர்க்கற்றை வந்தால், வேரை வெட்டுவது தற்காலிகமே. அந்தப் பகுதிக்குப் பிவிசி குழாய் மாற்றியாக வேண்டும்.

கோடையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மாசி தொடங்கி மே வரை தண்ணீர் குறையும். அதே காலத்தில்தான் சீசனுக்கு விருந்தினர் வருவார்கள். ஒரு குவளை ஊற்றிவிட்டு வருவது சிக்கனம் என்று தோன்றினாலும், கழிவை டேங்க்வரை கொண்டுபோகப் போதுமான நீர் இல்லாவிட்டால் அது வழியிலேயே நின்றுவிடும். குளித்த தண்ணீரையும் துணி அலசிய தண்ணீரையும் வாளியில் பிடித்து வைத்து, ஒவ்வொரு முறையும் அதில் ஒரு வாளியை வீசி ஊற்றினால் தண்ணீரும் மிஞ்சும், குழாயும் சுத்தமாக இருக்கும். ஹோம் ஸ்டே நடத்துபவர்கள் மூடியுள்ள குப்பைக்கூடையைக் கோப்பைக்குக் கை எட்டும் தூரத்தில் வைத்து, ஈரத் துடைப்பான், நாப்கின், டயப்பர் எதையும் உள்ளே போட வேண்டாமென்று சுவரில் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதி ஒட்டுவது நல்லது. கழிவறையில் போடலாம் என்று உறையில் அச்சிட்டிருந்தாலும் பல ஈரத் துடைப்பான்கள் கரைவதில்லை. ஒன்றை வாளித் தண்ணீரில் இரவு முழுக்க ஊறவைத்துக் கலக்கிப் பார்த்தால் உங்களுக்கே தெரிந்துவிடும்.

நான்காம் படி: செப்டிக் டேங்க்

டேங்கில் கழிவைச் செரிக்கும் நுண்ணுயிர்கள் 35 டிகிரியை ஒட்டிய வெப்பத்தில் நன்றாக வேலை செய்யும். 10 டிகிரிக்கு அருகில் மிகவும் மந்தமாகிவிடும். ஆகவே ஒரே அளவுள்ள டேங்க், கோயம்புத்தூரில் நிரம்புவதைவிட உதகையில் விரைவாகக் கசடால் நிரம்பும். பொதுவாகச் சொல்லப்படும் 2 முதல் 3 ஆண்டு இடைவெளியை இங்கே 2 ஆண்டாகவே வைத்துக்கொள்வது பாதுகாப்பு.

கணக்கைவிட அளவு நம்பகமானது. டேங்கின் ஆழத்துக்கு மேல் நீளமுள்ள மூங்கில் கழியின் அடிப்பாதியில் பழைய வெள்ளைத் துண்டைச் சுற்றி இறுகக் கட்டி, வெளியே நின்றபடி மெதுவாக அடிவரை இறக்கி, சில நிமிடம் வைத்திருந்து நேராகத் தூக்குங்கள். நீர்ப் பகுதியில் துண்டு லேசாக நிறம் மாறியிருக்கும். கசடு உள்ள பகுதியில் கறுப்புத் துகள்கள் நூலிழைகளுக்குள் புகுந்து ஒட்டியிருக்கும். அந்தக் கறுப்பின் உயரம் மொத்த நீராழத்தில் மூன்றில் ஒரு பங்கை எட்டிவிட்டால் உடனே எடுத்தாக வேண்டும்.

எடுப்பதற்குக் கசடை உறிஞ்சும் லாரியைத்தான் அழைக்க வேண்டும். எந்த மனிதரையும் டேங்குக்குள் இறக்காதீர்கள். உள்ளே சேரும் ஹைட்ரஜன் சல்பைடு சில மூச்சிலேயே ஆளை வீழ்த்திவிடும். காப்பாற்ற இறங்குபவரும் மாண்டுபோவதே வழக்கமாக நடக்கிறது. மனிதக் கழிவை மனிதர் அள்ளுவதைத் தடைசெய்யும் 2013ஆம் ஆண்டுச் சட்டம், பாதுகாப்புக் கருவிகளும் ஏற்பாடுகளும் இல்லாமல் டேங்கிலோ சாக்கடையிலோ ஆளை இறக்கி வேலை வாங்குவதைக் குற்றமாக்கியிருக்கிறது. முதல் குற்றத்துக்கே 2 ஆண்டுவரை சிறையோ 2 லட்சம் ரூபாய்வரை அபராதமோ இரண்டுமோ கிடைக்கும். உரிமம் பெற்ற வாகனத்துக்கு நகராட்சியையோ பேரூராட்சியையோ கேளுங்கள். 14420 என்ற உதவி எண்ணும் இதற்கென்றே இருக்கிறது.

லாரியை அழைக்கும்போது மலையில் மட்டும் எழும் ஒரு கேள்வி உண்டு: சாலையிலிருந்து டேங்க் எவ்வளவு கீழே இருக்கிறது? வெற்றிடத்தால் உறிஞ்சி நீரை ஏற்றுவதற்கு இயற்கையான எல்லை உண்டு. கடல் மட்டத்தில் அது ஏட்டளவில் 10 மீட்டர். காற்றழுத்தம் குறைவான உதகையில், 2,240 மீட்டர் உயரத்தில், 8 மீட்டருக்கும் குறைவு. கெட்டியான கசடுக்கும் நீண்ட ஹோஸுக்கும் கழித்துப் பார்த்தால் 5 மீட்டருக்கு மேல் எதிர்பார்ப்பது கடினம். உங்கள் வீடு சாலையிலிருந்து பல படிகள் கீழே இருந்தால், உயர வித்தியாசத்தையும் ஹோஸ் போக வேண்டிய தூரத்தையும் முன்கூட்டியே அளந்து சொல்லி, கசடை மேலே தள்ளும் பம்பையும் கொண்டுவரச் சொல்லுங்கள். புது வீடு கட்டுபவர்கள் டேங்கின் இடத்தைக் கொத்தனாரிடம் விட்டுவிடாமல், லாரியின் ஹோஸ் எட்டும் இடத்திலும், ஊற்றுக்கோ குடிநீர்க் கிணற்றுக்கோ மேற்புறமாக வராத இடத்திலும் தாங்களே பார்த்துக் குறிக்க வேண்டும். கசடை எடுத்த அன்றே டீ குழாயையும் சேம்பர்களையும் கழுவிவிட்டு, வாளிச் சோதனையை மறுபடி செய்து, சேம்பர் வாய்க்காலில் தண்ணீர் தேங்காமல் ஓடுவதைப் பார்த்த பிறகே லாரியை அனுப்புங்கள்.